இம்பிளான்ட் வைத்த மூன்றாம் நாள் காபி குடித்துவிட்டேன், டாக்டர்!

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 57 வயது, ஊர் மயிலாடுதுறை. கீழே வலது பக்கக் கடைவாய்ப்பல்லை எடுத்து மூன்று வருடம் ஆகிறது. போன புதன்கிழமை அந்த இடத்தில், செயற்கைப் பல்லைத் தாங்குவதற்காக எலும்புக்குள் திருகு மாதிரி பொருத்துகிற இம்பிளான்ட் வைத்து மூன்று தையல் போட்டார்கள். மேலே சின்னதாக ஒரு உலோக மூடி தெரிகிறது. 'சூடாக எதுவும் வேண்டாம்' என்று டாக்டர் சொன்னார். எத்தனை நாளைக்கு என்று கேட்க மறந்துவிட்டேன். என் மகள் போனில் தேடிப் பார்த்துவிட்டு, காபி எலும்பைக் கரைத்துவிடும், இம்பிளான்ட் ஒட்டாது, மூன்று மாதத்துக்குத் தொடவே கூடாது என்கிறாள். எனக்கோ விவரம் தெரிந்த நாளிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கு ஃபில்டர் காபி. ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர் ஆகிவிடும். வியாழக்கிழமை காலையிலேயே தலை கனக்க ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை விடியற்காலை மண்டையைப் பிளந்தது. தாங்க முடியாமல், யாரும் எழுந்திருக்கும் முன்னால் அரை டம்ளர் காபியைச் சூடாகக் குடித்துவிட்டேன். பயந்துபோய் உடனே வாயை நன்றாகக் கொப்பளித்தேன். எச்சில் இளஞ்சிவப்பாக வந்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இம்பிளான்ட் கெட்டுப்போயிருக்குமா? அடுத்த மாதம் இடது பக்கமும் ஒன்று வைக்க வேண்டும். சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வெற்றிலை பாக்கு போடுவேன். மற்றபடி கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. பெயர் வேண்டாம்.

பதில்:

அம்மா, முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். அந்த அரை டம்ளர் காபியால் உங்கள் இம்பிளான்ட் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு. வலி கூடியதாகவோ, வீக்கம் ஏறியதாகவோ, ரத்தம் நிற்காமல் வந்ததாகவோ நீங்கள் எழுதவில்லை. எச்சில் ஒரு தடவை இளஞ்சிவப்பாக வந்தது, அவ்வளவுதான். நாலைந்து துளி ரத்தம் எச்சிலில் கலந்தாலே வாஷ்பேசின் முழுவதும் சிவந்த மாதிரி தெரியும். அறுவை நடந்த இரண்டு மூன்று நாள் வரைக்கும் இது பலருக்கும் வருவதுதான். அதுவும் உங்கள் விஷயத்தில் அந்த ரத்தத்துக்குக் காபியைவிட, குடித்த பயத்தில் நீங்கள் வேகமாகக் கொப்பளித்ததுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், இம்பிளான்ட் வைத்த இடத்தைச் சுற்றி முதலில் ரத்தம் உறைந்து ஒரு பாதுகாப்பு மூடி மாதிரி உட்காரும். பார்ப்பதற்கு ஈறின் விளிம்பில் கருஞ்சிவப்பாக, ஜவ்வு மாதிரி இருக்கும். சிலர் அதை அழுக்கு என்று நினைத்து நாக்கால் துழாவி எடுத்துவிடுகிறார்கள். அதைத் தொடவே கூடாது. ஆறுவதற்கான வேலை முழுக்க அதற்கு அடியில்தான் ஆரம்பிக்கிறது. முதல் 24 மணி நேரத்தில் அது ரொம்ப மென்மையாக இருக்கும். சூடான பானம் பட்டால் அந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் விரிந்து ரத்தக் கசிவு மறுபடி தொடங்கலாம். வாயை இறுக்கி உறிஞ்சினால் அந்த இழுவையில் உறைந்த ரத்தம் பெயரலாம். வேகமாகக் கொப்பளித்துத் துப்பினாலும் அப்படித்தான். உங்கள் டாக்டர் 'சூடாக வேண்டாம்' என்று சொன்னது இதற்காகத்தான். அவர் தடை போட்டது காபிக்கு மட்டும் இல்லை. சூடான ரசத்துக்கும் சூப்புக்கும் இதே கட்டுப்பாடுதான்.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு வருகிறேன். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது. அறுவை முடிந்த அன்றைக்குக் காபி வேண்டாம். மறுநாள், அதாவது 24 மணி நேரம் கழிந்த பிறகு, ரத்தக் கசிவு நின்றிருந்தால் வெதுவெதுப்பான காபி சின்ன டம்ளரில் ஒன்று, இரண்டு. தையல் பிரிக்கும் வரை, பெரும்பாலும் 7 முதல் 10 நாள், அந்த வெதுவெதுப்பிலேயே இருங்கள். அதற்குப் பிறகு வழக்கம் போல. எலும்புத் தூள் வைத்து எலும்பை வளர்த்தவர்களுக்கும், மேல் தாடையில் சைனஸ் பக்கம் வேலை செய்தவர்களுக்கும் இந்தக் கணக்கு மாறும். அதனால் உங்கள் வாயைத் திறந்து வேலை செய்தவர் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள். நான் உங்கள் எக்ஸ்ரேவைப் பார்க்கவில்லை, அவர் பார்த்திருக்கிறார்.

வெதுவெதுப்பு என்று சொல்லிவிட்டுப் போனால் போதாது. ஆளுக்கு ஒரு வெதுவெதுப்பு இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் கொதிக்கக் கொதிக்கக் குடித்துப் பழகிய நாக்குக்கு, மற்றவர்களுக்குச் சுடுகிற காபியே ஆறிப்போனதாகத் தெரியும். அதனால் நாக்கை நம்ப வேண்டாம். குழந்தைக்குப் பால் கொடுக்கும் முன்னால் மணிக்கட்டின் உள்பக்கம் இரண்டு சொட்டு விட்டுப் பார்ப்போம் இல்லையா, அதேதான். சொட்டு விழுந்த இடத்தில் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. உங்களிடம் டபரா டம்ளர் இருக்கும். நுரை வருவதற்காக இரண்டு தடவை ஆற்றுவதை ஏழெட்டுத் தடவையாக ஆற்றுங்கள். அப்புறம் அகலமான டபராவிலேயே ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். டம்ளரில் இருப்பதைவிட டபராவில் சீக்கிரம் ஆறும்.

குடிக்கிற விதத்தையும் சொல்ல வேண்டும். 'சர்ர்' என்று உறிஞ்சிக் குடிப்பது இப்போதைக்கு வேண்டாம். ஸ்ட்ரா வேண்டவே வேண்டாம். சூடு இல்லாவிட்டால் பரவாயில்லையே என்று மகள் அன்போடு கோல்டு காபி வாங்கி வந்தாலும், ஸ்ட்ராவை எடுத்துவிட்டு ஸ்பூனால் சாப்பிடுங்கள். கடைக் கோல்டு காபியில் இருக்கிற சர்க்கரை உங்களுக்கு ஆகாது என்பது வேறு விஷயம். நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பார்கள். அதில் உறிஞ்சல் இல்லை, நல்லதுதான். ஆனால் அளவு தெரியாமல் ஒரே வாயாக விழும். காபி ஆறியிருந்தால் மட்டும் அப்படிக் குடிக்கலாம். தையல் இல்லாத பக்கமாக, டம்ளரை உதட்டில் வைத்து மெதுவாகச் சாய்த்துக் குடிப்பது எல்லாவற்றையும்விட நல்லது.

முதல் நாளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மரத்துப்போக ஊசி போடுகிறோம். பல்லில் மரப்பு விட்ட பிறகும் உதட்டிலும் நாக்கிலும் மூன்று, நான்கு மணி நேரம் இருக்கும். சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒருவர், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த கையோடு காபி வாங்கிக் குடித்திருக்கிறார். வாயில் ஒரு பாதி எங்கே இருக்கிறது என்றே தெரியாத நேரம் அது. அடுத்த நாள் பரிசோதனைக்கு வந்தபோது இம்பிளான்ட் வைத்த இடம் சுத்தமாக இருந்தது. கீழுதட்டின் உள்பக்கம் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தோல் வெந்து வெள்ளையாக உரிந்திருந்தது. சுட்டதே அவருக்குத் தெரியவில்லை. ராத்திரி மரப்பு போன பிறகு எரிய ஆரம்பித்ததும், ஊசி குத்திய இடம் எரிகிறது என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். அந்தப் புண் ஆற ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

சரி, உங்கள் மகள் சொன்ன எலும்பு விஷயம். அவர் அக்கறையில் சொல்கிறார். படித்ததும் முழுக்கக் கற்பனை இல்லை. எலிகளுக்கு அதிக அளவு காஃபின் கொடுத்துப் பார்த்த சில ஆய்வுகளில், எலும்பு ஆறுவது தாமதப்பட்டிருக்கிறது. காஃபின் சிறுநீரில் கொஞ்சம் கால்சியத்தை வெளியேற்றுவதும் உண்மைதான். ஆனால் அந்த இழப்பு ரொம்பச் சின்னது. ஒரு கப் காபிக்கு இரண்டு மேசைக்கரண்டிப் பால் ஈடுகட்டிவிடும். நம் ஃபில்டர் காபியில் டிக்காஷனைவிடப் பால்தானே அதிகம்? அளவாகக் காபி குடித்ததால் மனிதர்களுக்கு இம்பிளான்ட் தோற்றுப்போகிறது என்று சொல்ல உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை. அதனால் மூன்று மாதத் தடையை நான் ஏற்கவில்லை.

இன்னொரு குழப்பமும் உலவுகிறது. 47 டிகிரி சூடு ஒரு நிமிடம் பட்டாலே எலும்பு சேதமாகும் என்று படித்துவிட்டு, காபி அதைவிடச் சூடாயிற்றே என்று கேட்கிறார்கள். அந்தக் கணக்கு 1980களில் முயல் எலும்பில் செய்த ஆய்விலிருந்து வந்தது. எலும்பில் துளை போடும்போது டிரில் உரசி எழும் சூட்டைக் கட்டுப்படுத்துவதற்குத்தான் நாங்கள் அதைப் பயன்படுத்துகிறோம். அன்றைக்கு உங்கள் வாயில் இடைவிடாமல் உப்புநீர் பீய்ச்சிக்கொண்டே இருந்திருப்பார்கள், நினைவிருக்கிறதா? அதற்காகத்தான். ஒரு வாய்க் காபி ஒரு நொடியில் தொண்டையில் இறங்கிவிடுகிறது. எலும்புக்கு மேலே ஈறும் இருக்கிறது. இருந்தாலும் உங்களுக்கு உலோக மூடி வெளியே தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உலோகம் சூட்டைச் சீக்கிரம் கடத்தும். முதல் சில நாள் கொதிக்கக் கொதிக்கக் குடிக்காமல் இருக்க அதுவும் ஒரு காரணம்.

இம்பிளான்ட் பிறந்த நாடே காபி நாடு என்பதையும் உங்கள் மகளிடம் சொல்லுங்கள். சுவீடனைச் சேர்ந்த பிரோனெமார்க் என்ற மருத்துவர் 1950களின் தொடக்கத்தில் முயல் எலும்பில் டைட்டானியக் கருவியைப் பொருத்தி ஆராய்ந்தபோது, வேலை முடிந்தும் அதைக் கழற்ற முடியவில்லை. எலும்பு அதோடு ஒன்றாகப் பிணைந்துபோயிருந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இந்தச் சிகிச்சை. 1965-இல் கோஸ்டா லார்சன் என்பவருக்கு அவர் முதன்முதலாக வைத்த இம்பிளான்ட்டுகள், அந்த மனிதர் 2006-இல் இறக்கும் வரை 40 வருடம் நின்றன. லார்சன் எத்தனை கப் குடித்தார் என்பது என் கணக்கில் இல்லை. ஆனால் உலகிலேயே ஆளுக்கு அதிகமாகக் காபி குடிக்கும் நாடுகளில் சுவீடனும் ஒன்று. அங்கே இத்தனை வருடமாக இம்பிளான்ட் எலும்போடு சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

உங்கள் தலைவலிக்கும் இதிலேயே விடை இருக்கிறது. அது தையலால் வந்தது இல்லை. தினமும் 100 மில்லிகிராம் காஃபின் பழகியவர்களுக்கே, திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி ஆரம்பிக்கும். ஒன்று, இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். முழுக்க விட ஒரு வாரம்கூட ஆகலாம். நீங்கள் ஐந்து டம்ளர் குடிக்கிறவர். கடைசிக் காபி புதன்கிழமை காலையாக இருந்திருக்கும். வியாழன் காலை கனத்து, வெள்ளி விடியலில் பிளந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அச்சாகப் பொருந்துகிறது. அதனால்தான் காபியை அடியோடு நிறுத்துங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. வலி மாத்திரை ஒரு பக்கம், தலைவலி ஒரு பக்கம், தூக்கமில்லாத இரவு ஒரு பக்கம் என்று ஆறுகிற உடம்பைப் படுத்துவதைவிட, ஆறின காபி அரை டம்ளர் நல்லது. தலைவலிக்கு என்று கடையில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள். சிலவற்றில் காஃபினே சேர்ந்திருக்கும். சிலவற்றில் இருக்கும் வலி மருந்து, டாக்டர் ஏற்கெனவே கொடுத்திருப்பதோடு இரட்டிப்பாகிவிடும்.

மாத்திரை என்றதும் நினைவுக்கு வருகிறது. வெறும் வயிற்றில் காபி குடித்துவிட்டு அதே கையோடு வலி மாத்திரையைப் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்து வயிற்றை எரிக்கும். இரண்டு இட்லியையாவது தண்ணீர் மாதிரியான சாம்பாரில் ஊறவைத்துச் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுங்கள். காபியோடு மாத்திரையை விழுங்க வேண்டாம், தண்ணீரே போதும். சில வகை ஆன்டிபயாடிக்குகளைப் பாலோடு எடுத்தால் மருந்து ரத்தத்தில் சரியாகச் சேராது. இன்னும் சில, காஃபின் உடம்பை விட்டுப் போவதைத் தாமதப்படுத்தி நெஞ்சைப் படபடக்க வைக்கும். உங்கள் சீட்டில் என்ன மருந்து இருக்கிறது என்று எனக்குத் தெரியாததால், மருந்துக்கடைக்காரரிடம் சீட்டைக் காட்டி 'பால், காபியோடு ஆகுமா?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கொப்பளிக்கக் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் கொடுத்திருப்பார்கள். அதற்கும் காபிக்கும் ஆகாது. மவுத்வாஷ் போட்ட உடனே காபியோ டீயோ குடித்தால் பல்லிலும் நாக்கிலும் பழுப்புக் கறை படியும். இரண்டு வாரத்தில் கண்ணாடியைப் பார்த்து, 'இம்பிளான்ட் வைத்ததிலிருந்து பல்லெல்லாம் கறுத்துப்போச்சு டாக்டர்' என்று கலங்கி வருகிறவர்கள் நிறைய. அது மேலே படிந்த கறைதான், கிளினிக்கில் சுத்தம் செய்தால் போய்விடும். ஆனாலும் வராமல் பார்த்துக்கொள்ளலாம். காலையில் முதலில் காபி, அதற்குப் பிறகு வெறும் தண்ணீரால் மெல்ல வாயை அலசி, அரை மணி, ஒரு மணி நேரம் கழித்து மவுத்வாஷ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலசுவது என்றால் கன்னத்தை உப்பிக் குலுக்குவது வேண்டாம். தண்ணீரை வாயில் வைத்துத் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துவிட்டு, குனிந்து தானாக வழிய விடுங்கள். காறித் துப்ப வேண்டாம்.

காபி விஷயம் இவ்வளவுதான். இப்போது உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிக்கு வருகிறேன். காபியைப் பற்றி அத்தனை வரி எழுதியிருக்கிறீர்கள். ஆனால் படித்ததும் என் கவலையெல்லாம், போகிற போக்கில் எழுதிய வெற்றிலை பாக்கிலும் 'சுகர் கொஞ்சம் கூடுதலாக' என்பதிலும்தான் நின்றது. உங்கள் இம்பிளான்ட்டுக்கு ஆபத்து வருமானால் இந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்துக் குடும்பங்களில் சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலைத் தட்டை எடுப்பது எவ்வளவு இயல்பான விஷயம் என்று எனக்குத் தெரியும். அதைக் கெட்ட பழக்கமாக நீங்கள் எண்ணாததும் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆறாத ஈறின் மேல் பாக்குத் துணுக்கு என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். சீவல் நார் நாராகப் பிரிந்து தையலுக்கு அடியில் போய்ச் செருகிக்கொள்ளும். பிரஷ் அங்கே போகாது. நான்கே நாளில் அந்த இடம் நாற ஆரம்பிக்கும். சுண்ணாம்பு பட்டால் ஈறு வெந்துவிடும். கொட்டைப்பாக்கைக் கடிக்கிற அழுத்தம் புதிதாக வைத்த இம்பிளான்ட்டை அசைத்துப் பார்க்கும். இதெல்லாம் ஆறும் காலத்துக்கான தொல்லைகள். அதற்கு அப்பாலும் ஒன்று இருக்கிறது. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்துவிட்டது. வருடக்கணக்கில் பாக்குப் போட்டவர்களுக்குக் கன்னத்தின் உள்பக்கம் நார் நாராக இறுகி, வாயைத் திறப்பதே குறைந்துகொண்டு வரும். இரண்டு விரல் போகிற அளவுகூட வாய் திறக்காதவர்களை நான் பார்த்திருக்கிறேன். இப்போதே கண்ணாடி முன் நின்று, ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் அடுத்த முறை டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். நுழைந்தாலும், பாக்கை இத்தோடு விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். காபிக்கு நான் அனுமதி தருகிறேன். பாக்குக்குத் தர முடியாது.

சுகருக்கும் இதே அழுத்தம் கொடுத்துச் சொல்கிறேன். கட்டுக்குள் இருக்கிற சுகர் இம்பிளான்ட்டுக்குத் தடை இல்லை. கட்டுக்குள் இல்லாத சுகரில்தான் ஈறு ஆறத் தாமதமாகும், கிருமி சுலபமாகத் தொற்றும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை இந்த வாரமே செய்து, உங்கள் சுகர் டாக்டரிடமும் பல் டாக்டரிடமும் காட்டுங்கள். ஐந்து டம்ளர் காபியில் இரண்டிரண்டு ஸ்பூன் போட்டால் ஒரு நாளைக்குப் பத்து ஸ்பூன் சர்க்கரை, கிட்டத்தட்ட 40 கிராம் ஆகிவிடும். காபியைப் பற்றி யாராவது உங்களை மிரட்டத்தான் வேண்டும் என்றால், இந்தச் சர்க்கரைக்காக மிரட்டட்டும். வாய் வலிக்கிறது என்று சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு, காபியிலேயே பொழுதை ஓட்டாதீர்கள். சுகர் மாத்திரை போடுகிறவர்களுக்கு அது ஆபத்து. குழைந்த ரசம் சாதம், தயிர் சாதம், ஆறவைத்த கேழ்வரகுக் கஞ்சி என்று நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

காபியோடு சிகரெட் பிடிக்கும் ஆண்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: புகைப்பவர்களுக்கு இம்பிளான்ட் தோற்றுப்போகும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. டீக்கடையில் டம்ளரை வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு கையில் இருப்பதைக் கீழே போடுங்கள்.

அம்மா, நீங்கள் இதைப் படிக்கும்போது அநேகமாகத் தையல் பிரித்திருப்பார்கள். வலியும் இருக்காது. அப்போதுதான் நான் பயப்படுகிற காலம் ஆரம்பிக்கிறது. இம்பிளான்ட் என்பது உங்கள் கம்மல் திருகாணியைவிடக் கொஞ்சம் பெரிய டைட்டானியத் திருகு. வைத்த அன்று அது திருகின் இறுக்கத்தில்தான் நிற்கிறது. அடுத்த சில வாரங்களில் சுற்றியிருக்கும் பழைய எலும்பு கொஞ்சம் கரைந்து, அந்த இடத்தில் புது எலும்பு வளர்ந்து பிடிக்கும். இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரம் வரை அதன் பிடிமானம், வைத்த நாளைவிடச் சற்றுத் தளர்ந்துதான் இருக்கும். உங்கள் ஊர் வயலில் நாற்று நட்டதும் முதல் சில நாள் வெளுத்துப்போய் நிற்கும், அப்புறம்தான் பச்சை பிடிக்கும் இல்லையா? அது மாதிரி. வெளியே எல்லாம் ஆறிவிட்டதாகத் தெரிகிற அந்த வாரங்களில்தான், காபிக்குத் தொட்டுக்கொள்ள ஒரு முறுக்கை எடுத்து வலது பக்கமாகக் கடிக்கத் தோன்றும். வேண்டாம். கீழ்த்தாடையில் எலும்பு முழுதாகப் பிடிக்க மூன்று மாதம் வாக்கில் ஆகும். அதுவரை முறுக்கு, தட்டை, வறுத்த கடலை எல்லாம் மற்ற பக்கம்கூட வேண்டாம் என்பேன். அடுத்த மாதம் அந்தப் பக்கமும் வேலை நடக்கப் போகிறதே.

இவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளாமல் உங்கள் டாக்டரிடம் போங்கள். சுத்தமான பஞ்சுத் துணியை அரை மணி நேரம் கடித்துக்கொண்டிருந்தும் ரத்தம் நிற்கவில்லை. மூன்றாம் நாளுக்குப் பிறகு குறைய வேண்டிய வீக்கம் கூடுகிறது. காய்ச்சல், சீழ், வாயில் விடாத கெட்ட சுவை. மூடியை நாக்கு தொட்டால் அசைகிறது. கீழுதடோ தாடையோ மறுநாளும் மரத்தே இருக்கிறது. இந்தக் கடைசியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. அது அழுந்தியிருந்தால் சீக்கிரம் தெரிவது ரொம்ப முக்கியம்.

அடுத்த மாத அறுவைக்கு இந்தத் தடவை மாதிரி தலைவலியோடு போராட வேண்டாம். ஒரு வாரத்துக்கு முன்னாலிருந்தே ஐந்து டம்ளரை நான்கு, மூன்று, இரண்டு என்று குறைத்துக்கொண்டு வாருங்கள். காபிப் பொடி வாங்கும்போது சிக்கரி கொஞ்சம் கூடுதலாகப் போட்டு அரைத்துத் தரச் சொல்லலாம். சிக்கரியில் காஃபின் கிடையாது, டிக்காஷன் திக்காகவே இறங்கும், நாக்குக்கு ஏமாற்றம் தெரியாது. மயக்க மருந்து இல்லாமல் வெறும் மரப்பு ஊசியில் செய்வதாக இருந்தால், அன்று காலை டிபனும் சாப்பிட்டு, ஒரு டம்ளர் காபியும் குடித்து, வழக்கமான மாத்திரைகளையும் போட்டுக்கொண்டு போகலாம். டாக்டரிடம் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அன்றைக்கு அதோடு சரி. மறுநாள், கடைசித் தையல் போட்ட நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஆனதும், டபராவில் ஆற்றி, மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுக் குடியுங்கள். விடியற்காலை யாருக்கும் தெரியாமல் குடிக்க வேண்டியதில்லை. மகளையே போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள், சர்க்கரை இல்லாமல்.